மூன்று போதும், இடம் விடுங்கள்

ஒரு சூப்பர் ஹீரோவுக்கு எத்தனை பாகம் வேண்டும்? மூன்று போதும். நோலன் 2005, 2008, 2012 என மூன்றே படங்களில் தன் பேட்மேன் கதையை முடித்துக்கொண்டார்.

மார்வெல் கணக்கைப் பாருங்கள், தோழர்களே. 2008இல் 'அயர்ன் மேன்' தொடங்கியது. அயர்ன் மேன், கேப்டன் அமெரிக்கா, தோர் மூவருக்கும் ஆளுக்கு மூன்று படம் வந்த பிறகுதான், 2018இல், 18ஆவது படமாக 'பிளாக் பாந்தர்' வந்தது. அது 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பார்க்க ஆளில்லாமல் அல்ல, எடுக்க மனமில்லாமல்தான் அத்தனை தாமதம். பெண் நாயகி ஒருத்தி தனித்து நிற்க 21ஆவது படம்வரை ஆனது.

தோருக்கோ 2022இல் நான்காவதும் வந்துவிட்டது. நான்காம் பாகம் சலிப்பூட்டுகிறது என்பது மட்டுமல்ல என் புகார். காசும் திரையரங்கும் எல்லைக்குட்பட்டவை, அது இன்னொருவரின் இடம். யாருக்கு இன்னும் முதல் பாகமே வரவில்லை என்று முதலில் கேளுங்கள்.