பெயருக்கு அப்பால் ஓர் எண்

புணே நகரின் ஆய்வுக்கூடங்களில் ஜோஷி, பாட்டீல், குல்கர்ணி என்னும் குடும்பப்பெயர்களுக்குக் குறைவில்லை. முதலெழுத்தையும் குடும்பப்பெயரையும் மட்டும் அச்சிடும் ஆய்விதழில் ‘எஸ். ஜோஷி’ என்பவர் ஒருவரா, பலரா என்று அறிவது அரிது. அங்குப் பணிபுரியும் தமிழருக்கோ வேறொரு சிக்கல். குடும்பப்பெயர் கேட்கும் படிவத்தில் வேறு வழியின்றித் தந்தை பெயரை எழுதுகின்றனர். மேற்கோள் பட்டியலில் தந்தையே ஆய்வாளராகிவிடுகிறார்.

பெண்களின் இழப்பு இன்னும் பெரிது. 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்ற உயிர்வேதியியலாளர் கமலா பாக்வத், திருமணத்துக்குப் பின் கமலா சோஹோனி ஆனார். பெயரை மட்டும் கொண்டு தேடுவோர்க்கு அவர் இரு வேறு அறிஞராகவே தோன்றுவார்.

2012 அக்டோபரில் தொடங்கப்பட்ட ஆர்கிட் இச்சிக்கலைத் தீர்க்க வந்த 16 இலக்க அடையாளம். பெயரும் நிறுவனமும் நாடும் மாறினாலும் அந்த எண் மாறாது. கட்டுரைகளோடு தரவுத்தொகுப்பு, மென்பொருள், மதிப்பாய்வுப் பணி ஆகியவற்றையும் அதனுடன் இணைக்கலாம். ‘மற்றுமோர் எண்ணா?’ என்னும் சலிப்பு இயல்பே. ஆயினும் இது ஆய்வாளருக்கே உரியது, கட்டணமற்றது, பிறர் காண்பவை எவை என்பதையும் அவரே முடிவு செய்யலாம்.

எனினும், எண் ‘யார்’ என்று மட்டுமே சொல்லும். ‘என்ன செய்தார்’ என்று சொல்லாது. ஈர்ப்பலைகளைக் கண்டறிந்ததை அறிவித்த 2016-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். புணேயின் ஐயூகா அறிஞர்களும் அவர்களுள் அடங்குவர். அத்தகைய பட்டியலில் தனியொருவரின் பங்கை உணர்த்த, 14 வகைப் பங்களிப்புகளை வரையறுக்கும் ‘கிரெடிட்’ முறையும் உடன் வேண்டும்.

ஆசிரியர் பட்டியலிலேயே இடம்பெறாதவரை எந்த எண்ணாலும் காக்க இயலாது. புணேயின் பண்டார்க்கர் நிறுவனம் 1919 முதல் 1966 வரை மகாபாரதச் செம்பதிப்பை உருவாக்கியது. சுவடிகளை ஒப்புநோக்கி உழைத்தோர் பலர். இன்று நினைவில் நிற்போர் சுக்தங்கர் போன்ற பதிப்பாசிரியர் சிலரே.

ஆகவே, முனைவர் பட்டப் பதிவின்போதே ஒவ்வொரு மாணவரும் ஆர்கிட் எண்ணைப் பெறச் செய்வது பல்கலைக்கழகங்களின் கடமை. ஆய்வு தொடங்கும் முன்பே, யார் பெயர் எதற்காக இடம்பெறும் என்பதை நெறியாளரும் மாணவரும் எழுத்தில் வரையறுத்துக்கொள்வது அதனினும் முதன்மையானது. உரிய பெயரை உரிய இடத்தில் எழுதும் நேர்மை இருந்தால்தான் அந்த 16 இலக்கங்களுக்குப் பொருளுண்டு.