பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டும் திணைக்களம்

அமெரிக்காவில் வீட்டுக் கடனைக் கட்ட முடியாமற் போனவரின் வீட்டைக் கடன் கொடுத்தவர் கையகப்படுத்திய பின்னர், அந்த வீடு மாதக்கணக்கில், சில வேளைகளில் வருடக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கின்றன. செப்புக் குழாய்களையும் கம்பிகளையும் திருடர்கள் உருவிச் செல்கின்றனர். கூரை ஒழுகிச் சுவரிற் பூஞ்சணம் படர்கிறது. பின்னர் அது மலிவு விலையில் விற்பனைக்கு வருகிறது. இந்த மலிவின் பலன் யாருக்குப் போய்ச் சேரவேண்டும்? சொந்த வீடில்லாத குடும்பத்துக்கா, கைநிறையக் காசுடன் காத்திருக்கும் முதலீட்டாளருக்கா?

அரசாங்கம் முதலாமவருக்கு என்று சொல்கிறது. ஆனால், அது இயற்றி வைத்திருக்கும் விதிகள் இரண்டாமவருக்கே வழிவிடுகின்றன. இதுவே என் குற்றச்சாட்டு.

அறியாத வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். 1934 இல் உருவாக்கப்பட்ட சமஷ்டி வீடமைப்பு நிர்வாகம் (எவ்.எச்.ஏ.) தானாகக் கடன் கொடுப்பதில்லை. வங்கி கொடுக்கும் கடனுக்குக் காப்புறுதி வழங்குகிறது. கடன் பெற்றவர் தவறினால், வங்கியின் நட்டத்தை இந்நிறுவனம் ஈடுசெய்யும். இந்தப் பாதுகாப்பு இருப்பதனாலேயே, கடன் தகுதிப் புள்ளி 580 உள்ள ஒருவரும் விலையில் 3.5 சதவீதத்தை மட்டும் கையிலிருந்து செலுத்தி வீடு வாங்க முடிகிறது. 150,000 டொலர் வீட்டுக்கு 5,250 டொலர் போதும். முதன்முதலாக வீடு வாங்குவோர் பெரிதும் நம்பியிருக்கும் வாசல் இது.

வாசலில் ஒரு காவலாளி நிற்கிறார். வாங்கப்படும் வீடு பாதுகாப்பானதாகவும் உறுதியானதாகவும் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. கூரைக்குக் குறைந்தது 2 வருட ஆயுள் மீதமிருக்க வேண்டும். குடிநீர், கழிவகற்றல், மின்சாரம், வெப்பமூட்டல் யாவும் இயங்க வேண்டும். 1978 இற்கு முன் கட்டப்பட்ட வீடாயின், உரிந்து தொங்கும் பெயின்ற் சீர்செய்யப்பட வேண்டும். பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. மதிப்பீட்டாளர் குறை கண்டால், அது திருத்தப்படும்வரை கடன் இல்லை.

இந்த நிபந்தனைகளை நான் எதிர்க்கவில்லை. அவை இல்லாத காலத்தில் நடந்ததை வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. 1968 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின் பின்னர், வறிய மக்களுக்கு, சிறப்பாகக் கறுப்பினப் பெண்களுக்கு, இடிந்து விழும் நிலையிலிருந்த வீடுகள் அரச காப்புறுதியுடன் விற்கப்பட்டன. இலஞ்சம் வாங்கிய மதிப்பீட்டாளர்கள் ஓட்டை வீடுகளுக்கு நற்சான்று வழங்கினர். டெட்ரோயிட் நகரில் ஆயிரக்கணக்கான வீடுகள் கைவிடப்பட்டு அரசின் தலையில் விழுந்தன. 1973 ஜனவரியில் நிக்சன் நிர்வாகம் இவ்வகை உதவித் திட்டங்களை நிறுத்தி வைத்தது. ஏமாற்றிய முகவருக்கு இலாபம், ஏமாந்த தாய்க்குத் தெரு. ஆகவே, காவலாளி நிற்கட்டும்.

என் வழக்கு வேறு. எவ்.எச்.ஏ. இயங்குவது வீடமைப்பு, நகர அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ். ‘ஹட்’ என்பது அதன் சுருக்கப் பெயர். காப்புறுதி பெற்ற கடன் முறிந்து, அரசாங்கம் வங்கிக்கு நட்டஈடு வழங்கியதும், கையகப்படுத்தப்பட்ட அந்த வீடு பல வேளைகளில் ஹட் திணைக்களத்தின் உடைமையாகிவிடுகிறது. பின்னர் திணைக்களமே அதை விற்கிறது. எப்படி விற்கிறது? ‘உள்ளது உள்ளபடி’. ஆணி அடித்துக் கொடுக்கமாட்டோம், உத்தரவாதமும் தரமாட்டோம் என்பது இதன் பொருள். விற்பனைப் பட்டியலிற் சில வீடுகளுக்கு எதிரே, ‘எவ்.எச்.ஏ. காப்புறுதிக்குத் தகுதியற்றது’ என்ற பொருளில் அடையாளமும் இடப்படுகிறது.

வாசகர்கள் இதைச் சற்று நிதானித்து நோக்க வேண்டும். விற்பவரும் அரசாங்கம். கடனுக்குக் காப்புறுதி தருபவரும் அரசாங்கம். ‘என் வீடு என் கடனுக்குத் தகுதியற்றது’ என்று அறிவிப்பவரும் அதே அரசாங்கம். நான்கு தசாப்தங்கள் செய்திமேசையில் அமர்ந்து அரச அறிக்கைகளைத் திருத்தியவன் என்ற வகையிற் சொல்கிறேன்: ‘உள்ளது உள்ளபடி’ போன்ற சாதுவான சொற்களுக்குப் பின்னாலேதான் பொறுப்பு கைகழுவப்படுகிறது.

குடியிருக்க வாங்குவோருக்கே முதலில் விலை கோரும் உரிமை உண்டு என்று திணைக்களம் பதிலளிக்கும். உண்மைதான். முதற்சில நாட்களுக்கு முதலீட்டாளர்கள் விலக்கி வைக்கப்படுகின்றனர். ஆனால், கடன் கிடைக்காத வீட்டுக்கு முன்னுரிமை பெற்று ஒருவர் என்ன செய்வது? பந்தியில் முதலிடம் தந்து, இலையை எடுத்துவிடுவதற்கு ஒப்பானது இது. முன்னுரிமை நாட்கள் கழிந்ததும், முழுத்தொகையையும் காசாகக் கொண்டு வருபவர் வீட்டை எடுத்துச் செல்கிறார். காசுக்கு மதிப்பீட்டாளர் தேவையில்லை; பெயின்ற் உரிந்திருந்தாலும் தடையில்லை.

திருத்தவேலைச் செலவையும் சேர்த்துக் கடன் தரும் 203 (கே) என்ற திட்டம் உண்டே என்பது அடுத்த பதில். நல்ல திட்டம், ஏட்டில். சிறு திருத்தங்களுக்கான பிரிவின் உச்சவரம்பு 35,000 டொலரிலிருந்து 2024 நவம்பரில் 75,000 டொலராக உயர்த்தப்பட்டதையும் வரவேற்கிறேன். ஆனால், கட்டமைப்பு வேலைகளுக்கு அந்தப் பிரிவு உதவாது. பெரிய பிரிவுக்குச் செல்பவர், திணைக்களம் அங்கீகரித்த ஆலோசகர், ஒப்பந்தகாரர், கட்டங்கட்டமாக விடுவிக்கப்படும் பணம், ஒவ்வொரு கட்டத்திலும் பரிசோதனை என்ற படிகள் அனைத்தையும் கடக்க வேண்டும். இந்தத் தலையிடிக்கு இசையும் வங்கிகள் சொற்பம். முதன்முதலாக வீடு வாங்கும் தாதியோ பேருந்துச் சாரதியோ இதற்கு எங்கே போவார்?

அரசாங்கம் விதிகளைத் தளர்த்தவே மாட்டாது என்று எண்ணிவிட வேண்டாம். யாருக்காகத் தளர்த்துகிறது என்பதே கேள்வி. ஒருவர் வாங்கிய வீட்டை 90 நாட்களுக்குள் மறுவிற்பனை செய்தால், அதற்குக் காப்புறுதி வழங்குவதில்லை என்ற விதி 2003 இல் வந்தது. இலாப வேட்டையைத் தடுப்பது அதன் நோக்கம். 2010 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 29 இலட்சம் வீடுகள் மீது கையகப்படுத்தும் நடவடிக்கை அறிவித்தல்கள் விடுக்கப்பட்டன. அதே ஆண்டு பெப்ரவரியில் அந்த 90 நாள் விதி இடைநிறுத்தப்பட்டது. 2014 முடியும்வரை அந்த விலக்கு நீடித்தது. பாழடைந்த வீடுகளை வாங்கித் திருத்துவோர் விரைவாக விற்கட்டும் என்பது சொல்லப்பட்ட நியாயம். நடைமுறையில் இதன் பொருள் என்ன? திருத்தவேலை செய்ய இடைத்தரகர் வருவார். மலிவை அவர் எடுத்துக்கொள்வார். வறிய குடும்பம் அதே வீட்டைக் கூடிய விலையில், அரச காப்புறுதியுடன், முப்பது வருடக் கடனாக வாங்கும்.

வழி இல்லாமலில்லை. கூரை, குழாய், மின்சாரம், ஈயப் பெயின்ற் ஆகியவற்றையேனும் திணைக்களம் விற்பனைக்கு முன் சீர்செய்ய வேண்டும். 2008 நெருக்கடியில் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்த ‘ஃபெனி மே’ நிறுவனம், தன் கைக்கு வந்த வீடுகளில் ஒரு பகுதியைத் திருத்திய பின்னரே விற்பனைக்கு விட்டது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

காப்புறுதி நிதியம் நட்டப்படும் என்பர். அந்த நிதியத்தை நிரப்புவோர் யார்? கடன் தொகையில் 1.75 சதவீதத்தை ஆரம்பத்திலும், பின்னர் வருடந்தோறும் கட்டணத்தையும் செலுத்தும் இதே சாதாரண மக்கள். அவர்களுடைய காசிற் பாதுகாக்கப்படும் நிதியம், அவர்களுக்கு ஒரு கூரையைச் செப்பனிட்டுக் கொடுக்க மறுப்பது எந்த நியாயம்?

வீடு நல்ல நிலையில் இருக்கவேண்டும் என்ற சட்டம் வாங்குபவரைக் காக்க வந்தது. அதை நிறைவேற்றும் கடமை, வீட்டைப் பாழாகவிட்ட உரிமையாளருடையது. அந்த உரிமையாளர் அரசாங்கமாக இருக்கும்போது, சட்டம் முதலில் அரசாங்கத்தையே கட்டுப்படுத்த வேண்டும்.