பவழத் தொட்டியில் பாசி: மருந்தா, நீரா?

கடற்கரைக்கு அப்பால் உள்நாட்டில் அமைந்துள்ள விஜயபுரம், நகரி, சித்தூர், திருப்பதி முதலிய ஊர்களில் கடல்நீர் மீன்தொட்டி வைக்க விரும்புவோர், கடலைத் தாமே வீட்டில் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. செயற்கை உப்புக் கலவையை லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம் நன்னீரில் கரைத்து, அதில் பாறையும் மீனும் மென்பவழமும் வைத்து, மேலே பிரகாசமான விளக்கொன்றை எரியவிட்டால் தொட்டி ஆயத்தமாகிறது. சில வாரங்களுக்குள் கண்ணாடியின் மீது பழுப்பு நிறப் படலம் தோன்றுகிறது. பின்னர்ப் பாறையெங்கும் பச்சை மயிர்போன்ற பாசி வளர்கிறது. அதற்கடுத்துச் செந்நிறக் குழம்பு போன்ற ஒன்று மணலை மூடுகிறது. பழைய நூல்கள் நீலப்பச்சைப் பாசி இனத்தில் சேர்த்த இச்செந்நிறப் பொருள் உண்மையில் பாக்டீரியாக் கூட்டமேயாகும். இந்நிலையில் தொட்டி வைத்திருப்பவர் முதலில் நாடுவது மருந்தையே.

இவ்வழக்கம் தவறானது; தவிர்க்கப்பட வேண்டியது. பாசிக்கு வேண்டுவன ஒளி, நைட்ரஜன், பாஸ்பரஸ் என்பவையே. கடலின் நுண்தாவரங்களில் பாஸ்பரஸ் அணு ஒன்றுக்கு நைட்ரஜன் அணுக்கள் 16 என்னும் விகிதம் பொதுவாகக் காணப்படுவதை ஆல்பிரட் ரெட்பீல்டு என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1934 ஆம் ஆண்டிலேயே தொடங்கிய ஆராய்ச்சிகள் எடுத்துக்காட்டின. பவழப் பாறைகள் செழிக்கும் இயற்கைக் கடலில் இவ்விரு சத்துக்களும் மிக அற்பமாகவே உள்ளன. அங்கு நைட்ரேட் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமையும் எட்டுவது அரிது. தொட்டியிலோ அவை நாள்தோறும் சேர்ந்துகொண்டே போகின்றன. மீனுக்கு இடும் உணவு ஒரு வழி. பலரும் எண்ணிப் பார்க்காத மற்றொரு வழி, ஊற்றும் நீர்.

ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். கோடையில் 200 லிட்டர்த் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு 3 லிட்டர் நீர் ஆவியாகிறது எனக் கொண்டால், மாதத்தில் 90 லிட்டர் நீர் ஈடுசெய்து ஊற்றப்படுகிறது. ஆவியாகிப் போவது தூய நீர் மட்டுமே; அதில் கரைந்திருந்தவை யாவும் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அந்த வரம்பிலுள்ள கிணற்று நீரை ஊற்றினால், ஒரே மாதத்தில் 4,050 மில்லிகிராம் நைட்ரேட் தொட்டிக்குள் வந்து சேர்கிறது. அதாவது தொட்டியின் ஒவ்வொரு லிட்டரிலும் 20 மில்லிகிராம் கூடுகிறது. மனிதர் அச்சமின்றிப் பருகத்தக்க நீர், பவழத்துக்கு இவ்வாறு எருக்குழி நீராகிவிடுகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் பாறையினின்று கரைந்துவரும் சிலிகேட்டும் உண்டு. கண்ணாடியில் முதலில் தோன்றும் பழுப்புப் படலத்தைச் சேர்ந்த டயாட்டம் என்னும் நுண்பாசிகள் தம் ஓட்டினைக் கட்டிக்கொள்வது அதனால்தான்.

இங்கு ஒரு வேடிக்கையும் உண்டு. நீரைச் சோதித்துப் பார்ப்பவர் பலர், நைட்ரேட் ஏறக்குறைய இல்லையென்று கண்டு வியப்படைகின்றனர். வந்த சத்தைப் பாசி உடனுக்குடன் உண்டுவிட்டதே அதற்குக் காரணம். அது நீரில் இல்லை. பாறைமேல் பச்சையாக நிற்கிறது.

கடைகளில் கேனில் விற்கும் குடிநீரும் இதற்குப் போதாது. சுவைக்காக அதில் ஓரளவு உப்புக்கள் விடப்படுகின்றன, அல்லது பின்னர்ச் சேர்க்கப்படுகின்றன. ஆர்.ஓ. சவ்வின் வழியாக வந்த நீரை மேலும் அயனி நீக்கும் பிசினில் செலுத்தி, கரைபொருள் அளவு பூச்சியத்தை நெருங்கச் செய்தல் வேண்டும். மருந்துக்குச் செலவிடும் பணத்தை இக்கருவிக்குச் செலவிடுவதே சிக்கனம்.

மருந்துகளுள் மிகப் பழையது மயில்துத்தம். குளத்துப் பாசிக்கு இதனை இடுவது நெடுங்கால வழக்கம். ஆயினும் நத்தை, இறால், பவழம் முதலிய முதுகெலும்பற்ற உயிர்களுக்குத் தாமிரம் கொடிய நஞ்சு. அது சுண்ணாம்புப் பாறையிலும் மணலிலும் ஊறி நின்று, பல மாதங்கள் கழித்தும் கசியக்கூடியது. செந்நிறக் குழம்புக்கெனக் கொடுக்கப்படும் எரித்ரோமைசின், கழிவை மாற்றும் நல்ல பாக்டீரியாக்களையும் தாக்கக்கூடும். எம்மருந்தானாலும், ஒரேயடியாக மடிந்த பாசி அழுகிப் பிராணவாயுவைக் குறைத்து, தன்னிடமிருந்த சத்து முழுவதையும் மீண்டும் நீரிலேயே விடுகிறது. அடுத்த பாசிக்கு உணவு ஆயத்தமாகிவிட்டது!

எனினும் சத்தினை அடியோடு துடைத்தெடுக்க முனைவதும் பிழையே. பவழத்தின் திசுக்களில் வாழ்ந்து அதற்கு உணவூட்டுபவையும் ஒருவகை நுண்பாசிகளே; பாஸ்பேட் முற்றிலும் அற்ற நீரில் அவையும் நலிவுறும். குறைப்பது வேறு, ஒழிப்பது வேறு.

மேயும் உயிர்களின் பங்கினை ஜமேய்க்காத் தீவின் வரலாறு காட்டுகிறது. 1983-84 ஆம் ஆண்டுகளில் கரீபியக் கடலில் நீண்ட முள்ளுடைய கடல் முள்ளெலிகள் நோயினால் பெரும்பாலும் அழிந்தன. மீன்கள் ஏற்கெனவே மிகுதியாகப் பிடிக்கப்பட்டிருந்தமையால், பாசியை மேய வேறு உயிரும் இல்லை. 1970 களின் இறுதியில் பாதியளவு பரப்பை மூடியிருந்த பவழம், 1990 களின் தொடக்கத்தில் நூற்றுக்கு 3 பங்காகச் சுருங்கிற்று. வீட்டுத் தொட்டியில் சில நத்தைகளும், இடமிருந்தால் பாசியுண்ணும் மீனொன்றும் வைப்பது இக்காரணத்தாலேயே பயன் தருகிறது.

கையால் களைவது நல்லதே. ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கு நம் மன்னார் வளைகுடாவே சான்று. பிலிப்பைன்ஸ் பகுதிக்குரிய காப்பாபைக்கஸ் என்னும் கடற்பாசி, உணவுத் தொழிலுக்கு வேண்டிய காரஜீனன் என்னும் கூழ்ப்பொருளுக்காக மண்டபம் பகுதியில் 1990 களில் சோதனை முறையிலும், பின்னர் வணிக முறையிலும் பயிரிடப்பட்டது. கடலோரப் பெண்கள் பலருக்கு அது பிழைப்பளித்தது, இதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் குருசடைத் தீவருகே அது பவழங்களின் மீது படர்ந்து அவற்றை மூச்சடைக்கச் செய்வதாக 2008 இல் விஞ்ஞானிகள் எழுதினர். பரவலின் அளவு பற்றிக் கருத்து வேற்றுமை இருந்தபோதிலும், அதனைக் கையால் அகற்றும் பணி மேற்கொள்ளப்பட்டது. விடுபட்ட சிறு துண்டும் மீண்டும் தழைக்கும் இயல்புடையது அப்பாசி. ஹவாய்த் தீவுகளின் கனியோகே விரிகுடாவிலும் இதே அனுபவம் ஏற்பட்டது. அங்கு நீருறிஞ்சும் மிதவை இயந்திரத்தால் பாசியை அகற்றி, அதன்பின் வளர்ப்பிடத்தில் பொரித்த கடல் முள்ளெலிகளை விட்டபோதே பணி நிலைத்தது.

இவ்விடத்தில் சட்டமும் நினைவில் இருத்தற்பாலது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல்பவழங்கள் 2001 இல் சேர்க்கப்பட்டன. தொட்டி அலங்காரத்துக்கென மன்னார் வளைகுடாவினின்று அவற்றைப் பெயர்த்தெடுப்பது குற்றம்.

பாசியைக் கொண்டே பாசியை அடக்கும் முறையொன்றும் உண்டு. ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி என்பவர், தனித் தட்டில் பாசியை வளர்த்து அவ்வப்போது அறுத்தெடுப்பதன் மூலம் நீரின் சத்தினைக் குறைத்தார். முறை சிறந்ததே, ஆனால் வளர்க்கும் இனத்தைப் பற்றிய எச்சரிக்கை தேவை. காட்சித் தொட்டிகளில் விரும்பி வளர்க்கப்பட்ட காலர்ப்பா வகையொன்று 1984 இல் மொனாக்கோவின் கடலியல் காட்சிசாலை அருகே கடலில் காணப்பட்டு, பின்னர் மத்தியதரைக் கடலில் பரவிற்று. கலிபோர்னியாவில் 2000 இல் தலைகாட்டிய அதே வகையை ஒழிக்க ஆறாண்டுகள் பிடித்தன.

ஆகவே, களைந்த பாசியை வெயிலில் நன்றாகக் காயவைத்த பின்னரே குப்பையில் சேர்த்தல் வேண்டும். கடற்கரைக்கு எடுத்துச் சென்று விடுதல் கூடாது. மாற்றிய நீருக்கும் இதேபோன்ற கவனம் தேவை. 20 லிட்டர் மாற்றினால் அதில் ஏறக்குறைய 700 கிராம் உப்பு இருக்கும். அதனைக் கழிவுநீர்க் குழாயில் விடலாமேயன்றி, தோட்டத்துத் தென்னையின் அடியிலோ, ஏரிக்குச் செல்லும் வாய்க்காலிலோ ஊற்றலாகாது.