இருபது டாலருக்கு ஒரு சத்தியம்



அமெரிக்காவில் வாழும் நம்மில் அநேகருக்கு, ஆண்டில் இரண்டு மூன்று முறையாவது மின்னஞ்சலில் ஓர் அறிவிப்பு வருகிறது. இன்ன நிறுவனத்தின்மேல் கூட்டு வழக்கு தொடரப்பட்டது, அது சமரசத்தில் முடிந்திருக்கிறது, நீங்களும் அதில் பங்குள்ளவர், இன்ன தேதிக்குள் படிவத்தை நிரப்பினால் பணம் கிடைக்கும் என்பதே அதன் சாரம். சிலர் மோசடி என்று எண்ணி அதை அழித்துவிடுகிறார்கள். சிலர் உடனே நிரப்பி, வாட்ஸ்அப் குழுவிலும் பகிர்ந்து, "எல்லாரும் போடுங்கள், ஆதாரம் ஒன்றும் கேட்பதில்லை" என்று ஒரு வரியும் சேர்த்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரியைக் குறித்தே இந்த வாரம் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டில் நம் சபையாரிடையே அதிகமாகப் பேசப்பட்ட ஆப்பிள் நிறுவனத்தின் சிரி வழக்கையே எடுத்துக்கொள்வோம். அழைக்கப்படாமலேயே சிரி விழித்துக்கொண்டு பேச்சுகளைப் பதிவு செய்கிறது என்றும், அப்பதிவுகளில் ஒரு பகுதியை ஒப்பந்தப் பணியாளர்கள் கேட்கிறார்கள் என்றும் 2019 ஜூலையில் தி கார்டியன் நாளிதழ் வெளியிட்டது. அடுத்த மாதமே நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்த நடைமுறையை மாற்றியது. அந்த ஆண்டிலேயே தொடங்கிய வழக்கு, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் 9.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. ஒரு கருவிக்கு அதிகபட்சம் 20 டாலர், ஒருவருக்கு ஐந்து கருவிகள் வரை. கோரிக்கை அனுப்பக் கடைசி நாள் 2025 ஜூலை 2.

இனி கவனியுங்கள். அந்தக் கருவியை வைத்திருந்தால் மட்டும் போதாது. அந்தரங்கமாகப் பேசிக்கொண்டிருந்த வேளையில், தாம் அழைக்காமலேயே சிரி ஒருமுறையாவது இயங்கியது என்று கோருகிறவர் சத்தியமாக உறுதி கூறவேண்டும். அந்தச் சம்பவத்துக்குச் சாட்சியோ பதிவோ கேட்கப்படவில்லை. கோருகிறவருடைய வார்த்தையையே நீதிமன்றம் ஆதாரமாக ஏற்றுக்கொண்டது. "ஆதாரம் ஒன்றும் கேட்பதில்லை" என்று நாம் பகிர்ந்துகொள்வதன் உண்மையான பொருள் இதுதான். நம் சொல்லை நம்பி ஒரு நீதிமன்றம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த நம்பிக்கையைத்தான் நாம் "யாரும் பார்க்கமாட்டார்கள்" என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம்.

சத்தியமே பண்ணக்கூடாது என்று ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் போதித்திருக்க, இப்படிவங்களில் கையெழுத்திடலாமா என்று ஒரு சகோதரர் கேட்டார். நல்ல கேள்வி. நாம் சொல்லும் ஆமும் இல்லையும் ஆணை எதுவுமின்றியே நம்பத்தக்கவையாக இருக்கவேண்டும் என்பதே அப்போதனையின் உள்ளீடு. ஆகவே, கையெழுத்திடுவதைக் காட்டிலும், எதன்மேல் கையெழுத்திடுகிறோம் என்பதே நம்மைக் கலங்கச் செய்யவேண்டும்.

இங்கே ஒரு வாதம் எழும்புகிறது. "ஐயா, அது உலகத்திலேயே பெரிய நிறுவனங்களில் ஒன்று. 2024 நிதியாண்டில் அதன் நிகர லாபம் ஏறத்தாழ 9,370 கோடி டாலர். அவர்களிடமிருந்து நான் இருபது டாலர் பெற்றால் யாருக்கு நஷ்டம்?" கணக்கு சரிதான். அந்த லாபத்தை மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால், 9.5 கோடி டாலர் என்பது ஒன்பது மணி நேரத்தில் ஈட்டும் தொகை. ஆனால், யாருக்கு நஷ்டம் என்ற கேள்விக்கு அந்தக் கணக்கு பதில் சொல்வதில்லை. அந்த நிதி முன்கூட்டியே குறித்து ஒதுக்கப்பட்டுவிட்டது. வழக்கறிஞர் ஊதியமும் நிர்வாகச் செலவும் கழித்து, மீதியைக் கோரிக்கை அனுப்பினவர்களுக்குப் பங்கிடுகிறார்கள். நூறு பேர் கோரினாலும் ஒரு கோடிப் பேர் கோரினாலும் நிறுவனம் கொடுப்பது ஒரே தொகைதான். கோரிக்கைகள் பெருகப் பெருக, ஒவ்வொருவருடைய பங்கும் சுருங்குகிறது. நாம் பொய்யாகக் கோரும் இருபது டாலர் நிறுவனத்தின் பெட்டியிலிருந்து வருவதில்லை. தன் வீட்டில், தன் படுக்கையறையில், தான் பேசின பேச்சு உண்மையாகவே அந்நியர் காதுக்குப் போனவருடைய பங்கிலிருந்து வருகிறது. பெரியவனை அடிப்பதாக எண்ணி, அவனால் அடிபட்டவனுடைய பையில் கையை விடுகிறோம்.

லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் பலிகளின் அதிகாரம் என்று வேகமாகக் கடந்துவிடுகிறோம். அதன் தொடக்கத்தில் வரும் குற்றப் பட்டியலை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அயலான் நம்பி ஒப்படைத்த பொருளைக் குறித்து அவனை வஞ்சிப்பது, அவனிடமிருந்து பறித்துக்கொள்வது, காணாமற்போனதைக் கண்டெடுத்தும் இல்லை என்று பொய்யாணையிடுவது ஆகியவை ஒரே வரிசையில் நிற்கின்றன. இவை யாவும் அயலானுக்கு விரோதமாகச் செய்யப்பட்டவை. ஆயினும் வேதம் இவற்றைக் கர்த்தருக்கு விரோதமான துரோகம் என்றே அழைக்கிறது. பரிகாரமும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது. முதலை முழுமையாகத் திரும்பக் கொடுத்து, அதனோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டவேண்டும். குற்றநிவாரண பலி செலுத்தும் நாளிலேயே உரியவனிடம் அதைச் சேர்க்கவேண்டும். எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரம் இன்னொன்றையும் சேர்க்கிறது. செய்த பாவத்தை அறிக்கையிடவேண்டும்.

இந்த அளவுகோலை முதலில் நிறுவனங்களின்மேல் வைத்துப் பார்ப்பது நியாயம். ஒப்படைக்கப்பட்ட பொருள் என்பதற்கு நம் காலத்தில் இதைவிடப் பொருத்தமான உதாரணம் உண்டோ? நம் குரல், முகம், நண்பர்களின் பட்டியல், இரவில் தேடின வார்த்தைகள் ஆகிய இவையெல்லாம் நாம் நம்பி ஒப்படைத்தவை. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில் 8.7 கோடிப் பேருடைய விவரங்கள் முறைகேடாகப் பகிரப்பட்டிருக்கக்கூடும் என்று ஃபேஸ்புக் நிறுவனமே 2018-இல் கூறியது. அதைத் தொடர்ந்த வழக்கு 72.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்து, 2025-இல் பணம் வரத் தொடங்கியபோது ஒருவருக்குக் கிடைத்தது சராசரியாக முப்பது டாலர் அளவே. இவ்வகைச் சமரச ஒப்பந்தங்களில் வழக்கமாக ஒரு வாசகம் இருக்கும்: நிறுவனம் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை. பணம் உண்டு, அறிக்கை இல்லை. சட்டத்தின் பார்வையில் அதற்குக் காரணங்கள் இருக்கலாம். வழக்கை நீட்டாமல் முடிப்பதும் ஒரு நன்மையே. ஆயினும், மீட்டுக்கொடுத்தல் என்று வேதம் சொல்வது இதுவல்ல. சகேயுவை நினைத்துப் பாருங்கள். அவனை யாரும் நீதிமன்றத்துக்கு இழுக்கவில்லை. தன் வீட்டில், தன் வாயினால், வஞ்சித்து வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுப்பதாகச் சொன்னான். சகேயுவின் கணக்குப் புத்தகத்தில் "தவறு எதுவும் ஒப்புக்கொள்ளப்படவில்லை" என்ற குறிப்புக்கு இடமில்லை.

ஆகவே, கோரிக்கை அனுப்புவதே விசுவாசிக்குத் தகாது என்று எண்ணும் மூத்த சகோதர சகோதரிகளோடு நான் ஒத்துப்போவதில்லை. சகோதரனுக்கு விரோதமாகச் சகோதரன் வழக்காடுவதைப் பவுல் கொரிந்து சபைக்குக் கண்டித்து எழுதினார். அதே பவுல், தனக்கு நியாயம் மறுக்கப்பட்டபோது இராயனுக்கு அபயமிட்டார். லூக்கா 18-இல் வரும் விதவை நியாயாதிபதியை விடாமல் தொந்தரவு செய்தாள்; ஆண்டவர் அவளைப் பேராசைக்காரி என்று சொல்லவில்லை. உண்மையாகவே நஷ்டப்பட்டவர் தமக்கு உரியதைக் கேட்பது ஆவிக்குரிய குறைவல்ல. சொல்லப்போனால், நம்மில் மிகச் சிலரே கேட்கிறார்கள். அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கோரிக்கைப் படிவம் தேவைப்பட்ட சமரசங்களில் கோரிக்கை அனுப்பினவர்களின் இடைநிலை விகிதம் 9 விழுக்காடு மாத்திரமே.

கேட்பதால் பயனுண்டு என்பதற்கு இல்லினாய் மாநிலத்தில் நடந்ததைச் சொல்லலாம். முகம், கைரேகை போன்றவற்றை ஒருவருடைய எழுத்து மூலமான சம்மதமின்றி நிறுவனங்கள் சேகரிக்கக்கூடாது என்று அம்மாநிலம் 2008-இல் ஒரு சட்டம் இயற்றியது. புகைப்படங்களில் முகங்களை அடையாளம் காட்டும் வசதிக்காக ஃபேஸ்புக்கின்மேல் தொடரப்பட்ட வழக்கில், முதலில் 55 கோடி டாலர் சமரசம் முன்வைக்கப்பட்டது. நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ அதை அப்படியே ஏற்கவில்லை. ஒரு மீறலுக்கு 1,000 டாலர் என்று சட்டம் சொல்லியிருக்க, இவ்வளவு குறைத்துக்கொள்வது ஏன் என்று கேட்டார். தொகை 65 கோடியாக உயர்ந்தது. ஏறத்தாழ 16 லட்சம் பேர் கோரிக்கை அனுப்பினார்கள். 2022-இல் முதல் தவணையாகத் தலைக்கு 397 டாலர் கிடைத்தது. இத்தகைய நீதிபதிகளுக்காக நாம் ஜெபிக்கிறோமா என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். அதிகாரத்திலுள்ளவர்களுக்காக என்று பொதுவாக ஜெபித்துவிட்டுக் கடந்துபோகிறோம்.

வேறொரு வழக்கும் நினைவுக்கு வருகிறது. தேடும் சொற்களைப் பிற தளங்களுக்குத் தெரியவிட்டதாகக் கூகுளின்மேல் தொடரப்பட்ட வழக்கு அது. பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 12.9 கோடிப் பேர், சமரசத் தொகையோ 85 லட்சம் டாலர். பங்கிட்டால் தலைக்கு ஏழு சென்ட் கூட வராது என்பதால், வழக்கறிஞர் ஊதியமும் பிற செலவுகளும் போக, பணத்தை ஆறு நிறுவனங்களுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. அமெரிக்க உச்சநீதிமன்றம் 2019-இல் அதைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது, பின்னர் 2.3 கோடி டாலராக உயர்த்தப்பட்டுக் கோரினவர்களுக்கே பங்கிடப்பட்டது. உரியவனிடம் சேர்க்க முடியாத பணத்தை என்ன செய்வது என்ற இந்தக் கேள்வியை எண்ணாகமம் 5 முன்பே எழுப்பியிருக்கிறது. நஷ்டப்பட்டவன் இல்லாமல், அவனுக்கு உறவின்முறையானும் இல்லாதபோது, அது கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் செல்லவேண்டும். ஒரு நிலையிலும் அது எடுத்தவனிடம் தங்கிவிடக்கூடாது. வேதாகமக் கல்லூரியில் இந்தப் பகுதியை உலர்ந்த சட்டம் என்று நினைத்து வாசித்தவர்கள் இன்று மறுபடியும் வாசித்தால் வியப்படைவார்கள்.

ஒரு நடைமுறை எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கோரிக்கை அனுப்புவதற்கு யாராவது கட்டணம் கேட்டால் அது மோசடி. அறிவிப்பு உண்மையானதா என்று ஐயமிருந்தால், மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்தாமல், வழக்கின் பெயரைக் கொண்டு தேடிச் சரிபாருங்கள். முதியோர் தங்கள் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைகள் என்றதும் இன்னொன்று. வீட்டில் ஐந்து கருவிகள் இருக்கின்றன, ஐந்துக்கும் சேர்த்து நூறு டாலர் என்று தகப்பன் படிவத்தை நிரப்பும்போது, பதினான்கு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அப்பா, நமக்கு அப்படி நடந்ததா?" என்று அவள் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? "நடந்திருக்கும், யாருக்குத் தெரியும்" என்பீர்களானால், அவள் ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளைகளில் ஒன்பதாவதை மனப்பாடம் செய்ததற்கு அந்த மாலை ஒரு விளக்கவுரை எழுதப்பட்டுவிடும். நடந்தது என்று உங்களுக்கு நன்றாக நினைவிருந்தால், தயக்கமின்றி நிரப்புங்கள். எந்த நாளில், எந்த அறையில் என்று அவளுக்கும் சொல்லுங்கள். ஐந்தில் ஒரு கருவியில் மாத்திரம் நடந்தது என்றால், ஒன்றை மாத்திரம் எழுதுங்கள். மீதி எண்பது டாலரை விட்டுவிடுவதை அவள் பார்க்கட்டும்.

இதை வாசிக்கிறவர்களில் ஒருவரோ இருவரோ ஏற்கெனவே நடவாததை நடந்ததாகக் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கலாம். உங்களைச் சபையில் பேர் சொல்லிக் குறிப்பிட எனக்கு மனமில்லை. யார் என்றும் நான் விசாரிக்கவில்லை. பணம் இன்னும் வரவில்லை என்றால், அறிவிப்பில் கொடுக்கப்பட்டுள்ள முகவரிக்கு, சமரச நிர்வாகியின் பேருக்கு, என் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதலாம். செக்காக வந்திருந்தால், அதை வங்கியில் போடாமல் விட்டுவிடலாம். பணம் கையில் வந்து செலவாகியிருந்தால், அதே நிர்வாகிக்கு எழுதி, திருப்பிச் செலுத்த வழி கேளுங்கள். வழியில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டால், ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி ஏழைகளுக்குக் கொடுங்கள். நம் சபைக் காணிக்கைப் பெட்டியில் போடவேண்டாம். எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்தபின் என்னைத் தனியே சந்தியுங்கள். நான்கு வரிக் கடிதம்தான். உட்கார்ந்து சேர்ந்து எழுதிவிடலாம்.