இதயத்துக்கு உண்டோ விடுமுறை?

தோழர்களே! கூடலூர்ச் சரிவிலே கொழுந்து கிள்ளும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அவள் நெஞ்சிலே பேஸ்மேக்கர் இருக்கிறது. தளரும் இதயத்தைத் தட்டி எழுப்பும் சின்னஞ்சிறு கருவி!

1958-லே ஸ்வீடன் நாட்டில் ஆர்னே லார்சன் என்பாருக்கு முதன்முதலாக இதை உடலுக்குள் வைத்தார்கள். சாவின் விளிம்பிலே நின்றவர், 2001 வரை வாழ்ந்தார். அதற்குள் இருபதுக்கு மேற்பட்ட கருவிகள் மாற்றப்பட்டன. பொருத்தியதோடு பணி தீர்வதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பேட்டரி தேயும், கம்பி இடம் பெயரும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் சோதித்தாக வேண்டும்.

சோதிப்பது யார்? மருத்துவர் கட்டளையிடுவார், பல இடங்களில் சோதனைப் பெட்டியைத் தூக்கி வருபவரோ, கருவியை விற்ற கம்பெனியின் ஆள்! ஒரு கம்பெனியின் பெட்டி மற்றொரு கம்பெனியின் கருவியைப் படிக்காது. அந்த ஆளையும் பகுதிநேர ஊழியராக வைத்துக்கொள்ளும் கம்பெனிகள் மேலைநாடுகளில் உண்டு. அவரை நாம் பழிக்கவில்லை. திறமையை விற்றுப் பிழைக்கும் அவரும் தொழிலாளியே. ஆனால் சரக்கு விற்றவர் கையிலேயே தராசும் இருக்கலாமா? இதயம் பகுதிநேரமா துடிக்கிறது?

கூடலூரிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதை. கோவைக்கோ அதைவிட நெடுந்தொலைவு. போனால் ஒருநாள் கூலி போச்சு. கம்பெனி ஆள் வரவில்லையென்றால் மறுநாள் கூலியும் போச்சு!

2017-லே மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று மத்திய அரசு உச்சவரம்பு கட்டியது. விலைக்கு வரம்பு கட்ட முடிந்தவர்களுக்கு, விற்றபின் செய்யவேண்டிய பணிக்கு விதி வகுக்க முடியாதா?

2025-லே உதகையில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. நாம் கேட்பது இதுதான்: அங்கே இதயக் கருவிகளைச் சோதிக்க, அரசுச் சம்பளம் பெறும் நிரந்தரப் பணியாளர் வேண்டும். மாதம் ஒருநாள் அவர் கூடலூர் அரசு மருத்துவமனைக்கு வரவேண்டும். கருவி வாங்கும் ஒப்பந்தத்திலேயே, சோதனைப் பெட்டியும் பயிற்சியும் தந்தாக வேண்டுமென்று எழுதவேண்டும்.

“மலையிலே ஆள் கிடைக்குமா?” என்று கேட்பார்கள். 1990-லே தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையைப் பார்க்கட்டும்! ஆதிவாசிப் பெண்களே பயிற்சி பெற்று அங்கே செவிலியராய் நிற்கிறார்கள். கற்றுக் கொடுத்தால் கற்கும் கைகள் இங்கே உண்டு.

கேட்பது சலுகையல்ல தோழர்களே, உயிர்! கேட்போம், பெறும்வரை கேட்போம்!