கவர் கைமாறாத ஊழல்

ஊழல் என்றால் மேசைக்கடியில் கைமாறும் கவர் என்றே நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். 2010இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் தேசிய ஊழல் எதிர்ப்புக் கொள்கைக்கு ஒரு வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. அது வரைவாகவே கிடக்கிறது.

அதே ஆண்டுதான் டெல்லியில் காமன்வெல்த் போட்டி. பட்டியல் சாதியினருக்கான சிறப்பு உட்கூறுத் திட்டப் பணத்தில் 600 கோடி ரூபாய்க்கு மேல் போட்டிச் செலவுக்குத் திருப்பிவிட்டார்கள். தவறுதான் என்று அன்றைய உள்துறை அமைச்சர் ப.சிதம்பரமே மாநிலங்களவையில் ஒத்துக்கொண்டார். போட்டிக்குக் கருவி வாங்கியதில் முறைகேடு என்று சி.பி.ஐ. வழக்குப் போட்டது. நம் பணம் போன வழியைக் குற்றம் என்று சொல்ல ஊழல் தடுப்புச் சட்டத்தில் பிரிவே இல்லை. கோப்பில் கையெழுத்துப் போட்டவர் பத்துப் பைசா வாங்கியிருக்க வேண்டியதில்லையே!

அரசு மறுபடி ஆலோசனை கேட்டால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்: நமக்கென ஒதுக்கிய நிதியை வேறு செலவுக்குத் திருப்புவதையும் ஊழல் என்று எழுதுங்கள், கையெழுத்திட்டவரைப் பொறுப்பாக்குங்கள். கிராம சபையில் சமூகத் தணிக்கை என்பார்கள். நல்லதுதான். ஆனால் ஆதிக்க சாதியாரின் நிலத்தில் கூலிக்குப் போகும் சேரிப் பெண் அங்கே எழுந்து கணக்குக் கேட்டால், மறுநாள் அவருக்கு வேலை இருக்குமா? முறைகேட்டை வெளியே சொல்பவர்களைக் காக்க 2014இல் இயற்றிய சட்டமே இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

தோழர்களே, அடுத்த வரைவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இப்போதே ஆர்.டி.ஐ. மனு போடுங்கள். உங்கள் மாவட்டத்தில் இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, திருப்பியது எவ்வளவு, யார் உத்தரவில்?