மூட்டு டயர் அல்ல

"முழங்கால் கார் டயர் மாதிரி. ஓட ஓடத் தேயும். வயசானா யாரும் தப்ப முடியாது." தொலைக்காட்சி மருத்துவ நிகழ்ச்சியிலும் தைல விளம்பரத்திலும் பல வருடங்களாக இதே பாட்டுதான். கேட்கக் கேட்க எரிச்சல்தான் வருகிறது. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

"நடந்தால் தேயும்." பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும் இடுப்பு, முழங்கால் மூட்டுவாதம் இருப்பதாக 2017இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. உராய்வுதான் காரணம் என்றால் கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

"உடல் பாரம்தான் மூட்டை அரைக்கிறது." பருமனானவர்களுக்குக் கைவிரல் மூட்டிலும் இந்த நோய் கூடுதலாக வருகிறது. விரல்களா உடலைச் சுமக்கின்றன?

"தேய்வது குருத்தெலும்பு, அடியிலுள்ள எலும்பு வெறும் முட்டுக்கொடுப்பு." இதுதான் இருப்பதிலேயே பெரிய பிழை. குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. படியிறங்கும்போது உயிர் போகிற வலி நரம்பு ஓடும் எலும்பிலிருந்தும் மூட்டு உறையிலிருந்தும்தான் கிளம்புகிறது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூட்டிடைவெளி குறுகியிருக்கும், ஆனால் அடியெலும்பு தடித்து வெள்ளையாகத் தெரியும், விளிம்பில் புதிய எலும்பு முளைத்திருக்கும். தேய்கிற பொருள் எங்காவது வளருமா?

வளர்வது எப்படிப்பட்ட எலும்பு என்பதைப் புரதப் பகுப்பாய்வு சொல்லிவிட்டது. எலும்பின் கரிமப் பகுதியில் ஏறத்தாழ 90 சதவீதம் முதல் வகை கொலாஜன் என்ற புரதம். இரண்டு ஆல்ஃபா-1 இழைகளும் ஓர் ஆல்ஃபா-2 இழையும் முறுக்கிக்கொண்டு உருவாவது அது. 2002இல் பிரிட்டனின் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் மூட்டுவாத எலும்பில் மூன்று இழையும் ஆல்ஃபா-1 ஆக இருக்கும் கொலாஜனைக் கண்டார்கள். அதில் தாது சரியாகப் படிவதில்லை. எலும்பு பெருக்கிறது, தரம் கெடுகிறது. 2009இல் மான்ட்ரியல் ஆய்வாளர்கள் நோயாளிகளின் எலும்பு செல்களை வளர்த்தபோது டிஜிஎஃப்-பீட்டா 1 என்ற புரதம் மிகுந்திருந்தது. அதை அடக்கியதும் தாதுப் படிவு மேம்பட்டது. இன்று, மூட்டு மாற்று அறுவையில் வெட்டியெடுத்த எலும்பைப் பொடித்து, தாதுவைக் கரைத்து நீக்கி, மிஞ்சும் புரதத்தை டிரிப்சின் என்ற நொதியால் துண்டாக்கி, மூலக்கூறுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஏற்றினால், நூற்றுக்கணக்கான புரதங்களில் எது கூடியது, எது குறைந்தது என்று ஒரே சோதனையில் தெரிகிறது. செல்கள் தவறான கட்டளைக்குக் கட்டுப்பட்டுத் தவறான எலும்பைக் கட்டுகின்றன. இதைத் தேய்மானம் என்பது அறிவியல் அல்ல.

"ஆகவே செய்வதற்கு ஒன்றுமில்லை." 2019 கணக்குப்படி உலகில் சுமார் 52.8 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. அத்தனை பேரையும் கைகழுவிவிடும் வாக்கியம் இது. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி முழங்கால் வலியைக் குறைக்கும் என்பது நிறுவப்பட்ட உண்மை.

அடுத்த முறை யாராவது டயர் கதை சொன்னால், "என் எலும்புக்கு என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். தைலத்துக்குக் கொட்டும் காசை நல்ல பிசியோதெரபிஸ்டிடம் கொடுங்கள்.